பெண்ணுடை அணியும் ஆண்கள்: அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது?

திருமணமாகி, வேலைக்குச் சென்றுவரும் ஓர் ஆண், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டு புடவை கட்டிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது வெளியே தெரியவந்தால் ஊர் உடனே மூன்று முடிவுகளில் ஒன்றுக்கு வந்துவிடும். அவர் பெண்ணாக மாறப்போகிறார் என்பார்கள். அல்லது அவருக்கு ஆண்கள்மீதுதான் நாட்டம் என்பார்கள். அல்லது மனம் பிசகிவிட்டது என்பார்கள். இம்மூன்றும் பெரும்பாலான நேரங்களில் தவறு. ஆனால் வேறு விளக்கம் எதுவும் காதில் விழாததால், அந்த மனிதரே இவற்றை நம்பிக்கொண்டு பல ஆண்டுகளை அச்சத்தில் கழிக்கிறார். ஒரு நாள் அலமாரியின் அடித்தட்டில் தனதல்லாத பாவாடை ஒன்றைக் கண்டெடுக்கும் மனைவியும் அதே மூன்று முடிவுகளுக்கிடையே தவிக்கிறார். அந்த உடையில் அவருக்கு என்னதான் கிடைக்கிறது என்ற எளிய கேள்வியை யாரும் பொறுமையாகக் கேட்பதில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது.

சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

ஒருவர் எந்த ஊர்க்காரர், என்ன தொழில் செய்கிறார், எதை விரும்பிச் சாப்பிடுகிறார் என்பவை மூன்று தனிக் கேள்விகள். திருநெல்வேலிக்காரர் என்று தெரிந்துகொண்டதை வைத்து அவர் தச்சரா ஆசிரியரா என்று சொல்லிவிட முடியாது. பால் பற்றிய பேச்சிலும் இதேபோல் மூன்று தனிக் கேள்விகள் உள்ளன. அவற்றை ஒன்றாகக் குழைத்துவிடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதல் கேள்வி, ஒருவர் உள்ளுக்குள் தம்மை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா, இரண்டிலும் அடங்காதவராக உணர்கிறாரா என்பது. இதற்குப் பாலின அடையாளம் என்று பெயர். பிறப்பில் ஆண் என்று பதிவுசெய்யப்பட்டாலும் தம்மைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. அவர் புடவை கட்டும்போது ஒரு பெண் தனக்குரிய உடையை உடுத்துகிறார், அவ்வளவுதான். இரண்டாவது கேள்வி, ஒருவருக்குக் காதலும் காமமும் யார்மீது எழுகின்றன என்பது. இது பாலீர்ப்பு. மூன்றாவது, ஒருவர் எதை உடுத்த விரும்புகிறார் என்பது. தம்மை ஆணாகவே கருதிக்கொண்டு, அவ்வப்போது பெண்ணுடை அணிந்து அதில் நிறைவு காண்பவரைக் கிராஸ்டிரெஸ்ஸர் என்கிறோம். தமிழில் இதற்கென ஊன்றி நிற்கும் சொல் இன்னும் அமையாததால், வழக்கில் இருக்கும் இச்சொல்லையே நானும் ஆள்கிறேன்.

தெருக்கூத்திலும் பழைய நாடகக் கம்பெனிகளிலும் ஆண்கள் ஸ்திரீபார்ட் ஏற்றதும், குலசேகரன்பட்டினம் தசராவில் நேர்ச்சைக்காகப் பெண்வேடம் பூணுவதும் இதனோடு சேராதவை. அவர்களில் சிலருக்கு அவ்வேடம் தனிப்பட்ட மகிழ்ச்சியையும் தரலாம். இருந்தாலும் கூத்தில் வேடம் பார்ப்பவர்களுக்கானது, தசராவில் அம்மனுக்கானது. கிராஸ்டிரெஸ்ஸர் உடுத்துவது தமக்காக.

இந்தப் பிரிவை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் பெர்லின் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். 1910-இல் வெளியிட்ட நூலில் அவர் 17 பேரின் வாழ்க்கையை விரிவாகப் பதிவுசெய்தார். அவர்களில் பெரும்பாலோர் பெண்களை விரும்பிய ஆண்களே. பெண்ணுடை விருப்பமும் ஒருபால் ஈர்ப்பும் வேறுவேறு என்ற முடிவுக்கு அவர் வந்தது அதனால்தான். பிற்காலத்தில் அமெரிக்காவில் 1,032 கிராஸ்டிரெஸ்ஸர்களிடம் கேட்டு 1997-இல் வெளியான ஆய்வில் 87 விழுக்காட்டினர் தமக்குப் பெண்கள்மீதே ஈர்ப்பு என்றார்கள். 83 விழுக்காட்டினர் ஒரு முறையாவது திருமணம் செய்துகொண்டவர்கள். இந்த எண்களை அப்படியே உலகம் முழுவதற்கும் பொருத்திவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆய்வாளர்களால் எட்ட முடிந்தவர்கள் பெரும்பாலும் சங்கங்களில் சேர்ந்தவர்கள்; அச்சங்கங்கள் சிலவற்றில் ஒருபால் ஈர்ப்பினருக்கு இடமே இருந்ததில்லை. ஆண்களை விரும்பும் கிராஸ்டிரெஸ்ஸர்களும், பெண்ணாகப் பிறந்து ஆணுடையில் நிறைவு காண்பவர்களும் உண்டு.

இதுவரை பார்த்ததில் நினைவில் இருக்க வேண்டியது ஒன்றுதான். ஒருவர் அணியும் உடையை மட்டும் வைத்து அவர் தம்மை யாராக உணர்கிறார் என்றோ யாரை விரும்புகிறார் என்றோ சொல்ல முடியாது.

துணிக்குப் பால் உண்டா?

தமிழ் வீடுகளின் பழைய ஆல்பங்களில் ஒரு படம் அடிக்கடி கண்ணில் படும். முதல் மொட்டைக்கு முன்னால் ஆண் குழந்தைக்குத் தலைவாரிப் பின்னி, பூவைத்து, கண்ணுக்கு மையிட்டு, பாவாடை சட்டை போட்டு ஸ்டுடியோவில் எடுத்த படம். மூன்று வயதுப் பையனுக்கு அதை அழகு என்று ரசிக்கும் அதே குடும்பம், அவன் பதின்மூன்று வயதில் அக்காவின் தாவணியைத் தோளில் போட்டுப் பார்த்தால் அதட்டுகிறது. துணி அதேதான், மாறியது விதி. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கும் இத்தகைய படம் இருக்கிறது: 1884-இல், இரண்டரை வயதில், நீண்ட முடியும் வெள்ளைப் பாவாடையுமாக அமர்ந்திருக்கிறார். அக்காலத்து மேற்குலகில் சிறு பையன்கள் எல்லோருமே கவுன்தான் அணிந்தார்கள்.

வளர்ந்தவர்களின் உடையும் இப்படித்தான். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகால் செருப்பும் பட்டுக் காலுறையும் அணிந்து, அதிகாரத்தின் உச்சத்தில், கம்பீரமாகத் தம் ஓவியத்தில் நிற்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய ஆண்கள் நிறம், பட்டு, பூவேலை, லேஸ் எல்லாவற்றையும் கைவிட்டுக் கறுப்பிலும் சாம்பல் நிறத்திலும் அடங்கினார்கள். ஜான் ஃப்ளூகல் என்ற உளவியலாளர் 1930-இல் இதை ஆண்களின் மாபெரும் துறப்பு என்று குறிப்பிட்டார். நம்மிடமும் வேட்டியும் புடவையும் தைக்காத ஒற்றைத் துணிகள்தாம். ஆனால் முந்தானை வேலைப்பாடும் மயில்கழுத்து நிறமும் ஒரு பக்கமே போய்ச் சேர்ந்துவிட்டன. ஒரு ஜவுளிக்கடையின் மாடிகளை ஏறி இறங்கிப் பார்த்தாலே போதும், ஆண்களுக்கு ஒதுக்கப்பட்டது எவ்வளவு குறுகிய பங்கு என்பது விளங்கும். அழகாக உடுத்த வேண்டும், மென்மையானதைத் தொட வேண்டும் என்ற ஆசை மனிதருக்குப் பொது. அதற்குரிய பொருள்கள் மட்டும் ஒரு பாலின் பெயரில் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன.

தோலுக்கு எட்டும் இன்பம்

பல பெண்கள் உண்மையாகவே வியந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்தப் புடவையில் என்ன சுகத்தைக் கண்டார்கள்? வெயிலில் வியர்க்கிறது, படியேறும்போது தடுக்குகிறது, பின்னைக் குத்திக் குத்தித் தோள் புண்ணாகிறது. அவர்கள் சொல்வது முழுக்க நியாயம். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே விடையும் இருக்கிறது.

காலையில் கட்டிய கைக்கடிகாரம் பத்து நிமிடத்தில் கையில் இருப்பதே மறந்துவிடுகிறது. புதிதாக மோதிரம் போட்டவர் முதல் நாள் முழுவதும் அதைத் திருகிக்கொண்டே இருப்பார். ஒரு மாதம் கழித்து அது இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். மாறாமல் வந்துகொண்டிருக்கும் உணர்வை நரம்புகளும் மூளையும் படிப்படியாகப் புறக்கணித்துவிடுகின்றன. இதற்குப் புலன் பழக்கம் என்று பெயர். தினமும் புடவை கட்டுபவருக்கு அதன் தொடுகை கேட்காமல் போன ஓசை போன்றது. வாழ்நாளெல்லாம் கனத்த ஜீன்ஸும் விறைப்பான காலர் சட்டையும் அணிந்த ஒருவர் மாதத்துக்கு ஒரு முறை பட்டையோ சாட்டினையோ உடுத்தும்போது, அவருடைய தோல் ஒவ்வோர் அசைவையும் புதிதாகக் கேட்கிறது.

தொடுகையிலும் இரு வகை உண்டு. ஒன்று, தொட்டது என்ன, எங்கே என்று உடனே அறிவிப்பது. இன்னொன்று, ரோமம் உள்ள தோலில் இருக்கும் மெல்லிய நரம்பிழைகள் வழியாக வருவது. இவை நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நிகழும் மெதுவான வருடலுக்கே மிகுதியாகத் துலங்குகின்றன. தாய் குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுக்கும் வேகம் ஏறக்குறைய இதுதான். இந்நரம்பிழைகள் கொண்டு செல்லும் செய்தி, மூளையில் இதம் என்ற உணர்வோடு தொடர்புடைய பகுதிகளைச் சென்றடைகிறது. கொசுவம் நடைக்கேற்பக் காலை உரசி விலகுவதும், முந்தானை முதுகில் நகர்வதும், கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் ஏறி இறங்குவதும் இத்தகைய மெல்லிய தொடுகைகள். ஆண்களுக்கான உடைகளில் இவ்வகை அசைவு குறைவு. அவை உடலோடு ஒட்டி அசையாமல் நிற்கும்படி வெட்டித் தைக்கப்படுகின்றன.

இன்பத்தின் முதல் அடுக்கு இது: பழகாத தோலில் படும் மென்மை. இதை மட்டும் கேட்டால் ஒரு பட்டு வேட்டி போதுமே என்று தோன்றும். போதாது என்பதுதான் கிராஸ்டிரெஸ்ஸர்களின் அனுபவம். அதற்கான காரணம் அடுத்த அடுக்கில் இருக்கிறது.

ஆள் பாதி, ஆடை பாதி

அலுவலகத்திலிருந்து வீடு திரும்பியவர் பேன்ட்டைக் கழற்றி லுங்கிக்கு மாறும் நொடியைக் கவனித்துப் பாருங்கள். தோள் இறங்குகிறது, குரல் தளர்கிறது, அதுவரை நாற்காலியில் விறைத்திருந்தவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்கிறார். லுங்கி அவருக்குக் காற்றோட்டத்தோடு ஓர் அனுமதியையும் தருகிறது. இனி நீ மேலாளர் இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற அனுமதி அது. காக்கி போட்டதும் நெஞ்சு நிமிரும் காவலரிடம் இதே விதி எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

டேரில் பெம் என்ற உளவியலாளர் 1972-இல் விளக்கிய ஒரு கருத்து இங்கே உதவும். பிறருடைய நடத்தையைப் பார்த்து அவர்களை எடைபோடுவது போலவே, நம்முடைய நடத்தையைப் பார்த்து நம்மையும் நாம் எடைபோடுகிறோம் என்பது அவர் கூற்று. இதைச் சுயக் கணிப்பு எனலாம். புடவைக்குள் நின்று பாருங்கள்: எட்டு வைக்கும் தொலைவு தானாகக் குறைகிறது, உட்காரும்போது முழங்கால்கள் சேர்கின்றன, முந்தானையை இழுத்துச் சரிசெய்யும் கை, வேறு ஒருவருடைய கையைப் போல மென்மையாக அசைகிறது. கண்ணாடி இவை அனைத்தையும் திருப்பிக் காட்டுகிறது. உடலின் இந்த அசைவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனம், இப்போது நான் மென்மையானவன், அழகு பார்க்க உரிமையுள்ளவன், பாதுகாக்கப்பட வேண்டியவன் என்ற செய்தியை அவற்றிலிருந்து படித்துக்கொள்கிறது.

ஏன் இந்தச் செய்தி இவ்வளவு நிம்மதி தருகிறது? ஆண்மை என்று நாம் சொல்லிக்கொடுப்பதில் பெரும்பகுதி தடைகளின் பட்டியல். அழாதே, குழையாதே, சம்பாதிக்கத் தவறாதே, அச்சத்தைக் காட்டாதே. இந்த விதிகளைப் பெரும்பாலான ஆண்கள் சுமையென்றே அறியாமல் சுமக்கிறார்கள். கிராஸ்டிரெஸ்ஸர்கள் தம் அனுபவத்தைச் சொல்லும்போது, கிளர்ச்சியைக் குறிக்கும் சொற்களைவிட அமைதி, இளைப்பாறல், மூச்சுவிடுதல் என்ற சொற்களே மிகுதியாக வருவதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அந்த உடைக்குள் அவர்கள் தேடுவது ஆண் என்ற பணியிலிருந்து கிடைக்கும் விடுப்பு. லுங்கி மேலாளரைக் கழற்றிவைக்கிறது. புடவை அதைவிட ஆழமான ஒரு சீருடையைக் கழற்றிவைக்கிறது. பட்டு வேட்டி எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் அது மாப்பிள்ளையின் உடை, ஆணின் உடை. அதனால் இந்த விடுப்பை அது தராது.

பெண்களுக்கு அன்றாட வாழ்வில் அப்படியோர் இளைப்பாறல் எங்கே இருக்கிறது என்று கேட்பது நியாயமே. அவர் விடுப்பு எடுத்துச் செல்லும் பெண்மை பெரும்பாலும் பாத்திரமும் பிள்ளையும் பஸ் நெரிசலும் இல்லாத ஒரு கற்பனைப் பெண்மை. அதை அறிந்திருப்பது கிராஸ்டிரெஸ்ஸருக்கும் நல்லது.

கிளர்ச்சி என்ற பங்கு

பாலியல் கிளர்ச்சிக்கு இதில் பங்கே இல்லை என்று மறைப்பது நேர்மையாகாது. வயது வந்தவர்களில் சிலருக்கு, குறிப்பாக இந்தப் பழக்கத்தின் தொடக்க ஆண்டுகளில், அது முதன்மையானதாகவே இருக்கிறது. சுவீடனில் 18 முதல் 60 வயது வரையிலான 2,450 பேரிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வில், ஆண்களில் 2.8 விழுக்காட்டினரும் பெண்களில் 0.4 விழுக்காட்டினரும் எதிர்பாலின உடை அணிந்து ஒரு முறையாவது கிளர்ச்சி அடைந்ததாகக் கூறினர். ஆண்களில் சுமார் 35 பேருக்கு ஒருவர் என்பது அரிதான எண்ணிக்கை அல்ல.

இதன் இயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. மல்லிகை மணம் சிலருக்குத் திருமண நாளைக் கொண்டுவருகிறது. அந்த மணமும் அந்த நாளும் ஒன்றாக நிகழ்ந்ததால் மூளை அவற்றை முடிச்சுப் போட்டுவிட்டது. இதற்கு இணைப்புக் கற்றல் என்று பெயர். விருப்பத்துக்குரிய ஒருவரோடு இணைத்துப் பார்த்த உடை, பின்னர் தனியாகவும் அவ்வுணர்வை எழுப்பத் தொடங்கலாம். ஆனால் எல்லாரிடமும் ஒரே முடிச்சு விழுவதில்லை. ஒற்றைக் காரணம் எதையும் ஆய்வுகள் நிறுவவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கிளர்ச்சி தணிந்து, முன் பகுதியில் சொன்ன அமைதியே எஞ்சியது என்று பலர் கூறுகிறார்கள்.

ஆக, தோலின் இதம், விதிகளிலிருந்து விடுப்பு, சிலருக்குக் கிளர்ச்சி என மூன்று இழைகள் ஒரே துணியில் நெய்யப்பட்டிருக்கின்றன. எந்த இழை தடிமனாக இருக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கும் வயதுக்கு வயது மாறும்.

எறிவதும் மீண்டும் வாங்குவதும்

கிராஸ்டிரெஸ்ஸர்களின் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப நிகழும் ஒரு சுழற்சி உண்டு. ஆசைப்பட்டு ஒவ்வொன்றாக வாங்குகிறார், தங்கைக்கு என்றோ மனைவிக்கு என்றோ கடையில் பொய் சொல்கிறார், மறைத்துவைக்கிறார். ஒரு நாள் வெட்கம் தாளாமல் எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டி, தெரு தாண்டியுள்ள குப்பைத்தொட்டியில், இரவில் போட்டுவிட்டு வருகிறார். இனிமேல் இல்லை என்று தமக்குத்தாமே சத்தியம் செய்கிறார். சில மாதங்களில் மீண்டும் கடையில் நிற்கிறார்.

இது மனவலிமைக் குறைவு என்று அவரே தம்மைத் தண்டித்துக்கொள்கிறார். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் நடத்திய சோதனை வேறு காரணத்தைக் காட்டுகிறது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அதையே நினைத்தார்கள். பின்னர் நினைக்கலாம் என்று அனுமதி தந்தபோது, முதலிலேயே அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். ஒரு நினைப்பை அடக்க வேண்டுமானால் அது வருகிறதா என்று மனம் காவல் நிற்க வேண்டும். அந்தக் காவலே அதை அழைத்துவந்துவிடுகிறது.

இது நோயா?

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டின்படி, பெண்ணுடை அணிவது அதனளவில் கோளாறு அல்ல. அதனோடு தீவிரமான, நெடுநாள் நீடிக்கும் பாலியல் கிளர்ச்சியும் இருந்து, அதனால் ஒருவர் கடும் துன்பம் அடைந்தாலோ வாழ்க்கை முடங்கினாலோ மட்டுமே கோளாறாகக் கருதப்படும். உலகச் சுகாதார நிறுவனம் இன்னும் ஒரு படி சென்றது. 2022-இல் நடைமுறைக்கு வந்த அதன் பதினோராவது நோய்ப்பட்டியலில், முந்தைய பட்டியலில் இருந்த இவ்வகைத் தலைப்புகள் நீக்கப்பட்டன. வெட்கமும் தனிமையும் ஒருவரை வாட்டினால் மனநல ஆலோசகரிடம் செல்வது பயன் தரும். ஆனால் அங்கே அவர் தணிக்க வேண்டியது துயரத்தை. விருப்பத்தை வேரோடு பிடுங்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம் செல்லாதிருப்பதே நலம்.

மறைவு நீங்கியபோது

விர்ஜினியா பிரின்ஸ் என்பவர் லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்ந்த, மருந்தியலில் முனைவர் பட்டம் பெற்ற கிராஸ்டிரெஸ்ஸர். பின்னாளில் முழுநேரமும் பெண்ணாகவே வாழ்ந்தவர். 1960-இல் கிராஸ்டிரெஸ்ஸர்களுக்கென ஓர் இதழைத் தொடங்கினார். வாசகர்கள் சிலர் முதன்முதலாக நேரில் கூடியபோது, வந்தவர்களில் போலீஸ்காரர் இருப்பாரோ என்ற அச்சம் எல்லாருக்கும் இருந்தது. பிரின்ஸ் ஒரு வழி செய்தார். ஒவ்வொருவரும் காகிதப் பையில் ஒரு ஜோடி காலுறையும் உயர்குதிச் செருப்பும் மறைத்துக் கொண்டுவர வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் அவற்றை அணிய வேண்டும். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க முடியாத நிலையில்தான் பேச்சு தொடங்கியது.

அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் காசா சுசானா என்ற விடுதி இருந்தது. வார இறுதிகளில் நகரத்து ஆண்கள் அங்கே வந்து பெண்ணுடையில் தங்குவார்கள். மாறுவேடத்தில் வந்து அதிகாரிகளைத் தாக்கிய குத்தகை விவசாயிகளுக்கு எதிராக 1845-இல் அம்மாநிலம் இயற்றிய சட்டத்தைக் காட்டியே, இருபதாம் நூற்றாண்டிலும் காவல்துறை பெண்ணுடை அணிந்த ஆண்களைக் கைதுசெய்துகொண்டிருந்தது. இந்த விடுதியின் நூற்றுக்கணக்கான புகைப்படங்கள் நெடுங்காலம் கழித்து நியூயார்க்கின் பழம்பொருள் சந்தை ஒன்றில் கிடைத்து, 2005-இல் நூலாக வந்தன. அவற்றில் ஆரவாரமான எதையும் காண முடியாது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் அடக்கமான கவுன், கழுத்தில் முத்துமாலை. சீட்டாடுகிறார்கள், உணவு மேசையில் அமர்ந்திருக்கிறார்கள், கணப்பருகே பேசிக்கொண்டிருக்கிறார்கள். காண்பாரும் மறைப்பாரும் இல்லாத இடத்தில் அவர்கள் செய்தது இவ்வளவுதான். அவர்களில் சிலர் பின்னர் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்து அவ்வாறே வாழத் தொடங்கினார்கள் என்பதும் உண்மை. பெரும்பாலோர் திங்கட்கிழமை காலையில் டை கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

விடுதிக்குச் சிலர் தம் மனைவியரோடும் வந்தார்கள். அதை நடத்திய இருவரில் ஒருவரே அப்படியொரு மனைவிதான். மேரி என்ற அவர் நியூயார்க் நகரத்தில் விக் கடை வைத்திருந்தார்.